செய்முறை வகுப்பில் கையடக்க வீடியோ உருப்பெருக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி ஆய்வகங்களில் ஒரு காட்சி எனக்குப் பழகிப்போனது. நான்கு பிள்ளைகள் கொண்ட குழுவில் மூன்று பேர் மேசையில் குனிந்து நிற்பார்கள். பார்வை குறைந்த நான்காவது பிள்ளை அரை அடி தள்ளி, நோட்டுடன் நிற்கும். “நாங்கள் பார்த்துச் சொல்கிறோம், நீ எழுதிக்கொள்” என்பது அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து ஐந்து வருடம் அறிவியல் படித்து, ஒரு லிட்மஸ் தாள் நிறம் மாறுவதைக்கூடத் தன் கண்ணால் பார்க்காமல் பத்தாம் வகுப்பை முடித்துவிடுகிறது.

சிறப்பு ஆசிரியராகப் பள்ளிகளுக்குப் போய்வரும்போது அறிவியல் ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு ஒரே வரி போதும்.

வீடியோ உருப்பெருக்கி என்றால் என்ன? பூதக்கண்ணாடி போதாதா?

ஒரு பக்கம் கேமரா, மறுபக்கம் திரை, இரண்டும் ஒரே கையடக்கப் பெட்டியில். திரை பெரும்பாலும் மூன்றரை அங்குலத்திலிருந்து ஏழு அங்குலம் வரை இருக்கும். பொருளின் மேல் பிடித்தால் அது பெரிதாகித் திரையில் தெரியும். சிறு விளக்கும், படத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பொத்தானும், வெள்ளையில் கறுப்பு, கறுப்பில் மஞ்சள் என்று நிறங்களை மாற்றும் பொத்தானும் இருக்கும்.

பூதக்கண்ணாடி மலிவு, சார்ஜ் போட வேண்டாம், சட்டைப்பையில் கிடக்கும். அதை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பெருக்கம் கூடக் கூட லென்ஸ் சிறியதாகும், பொருளுக்கு நெருங்கியும் வர வேண்டும். ஐந்து மடங்கு என்று விற்கப்படும் 20 டயாப்டர் (லென்ஸின் திறனைச் சொல்லும் அலகு) லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குவியத் தூரம் 5 செ.மீ. மட்டுமே. லென்ஸைப் பொருளிலிருந்து அந்தத் தூரத்தில் பிடித்து, கண்ணையும் லென்ஸுக்கு அருகில் கொண்டுபோனால்தான் போதிய பரப்பு தெரியும். செய்தித்தாள் படிக்க அது சரி. அமிலம் இருக்கும் குவளைக்கு அருகில் ஒரு பிள்ளை முகத்தை அப்படிக் கொண்டுபோவதை எந்த ஆசிரியரும் அனுமதிக்க மாட்டார். அங்கேதான் “நீ எழுதிக்கொள்” தொடங்குகிறது. வீடியோ உருப்பெருக்கியில் பொருள் ஓரிடத்தில் இருக்கலாம், முகம் வேறிடத்தில் இருக்கலாம்.

மின்னணுத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கும் எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் கணிதவியலாளராக இருந்த சாமுவேல் ஜெனென்ஸ்கி 1960களின் இறுதியில் தொலைக்காட்சிக் கேமராவையும் திரையையும் இணைத்து இப்படியொரு வாசிப்புக் கருவியை உருவாக்கினார். அவரும் பார்வை மிகக் குறைந்தவர்தான். அன்று ஒரு மேசையை அடைத்துக்கொண்ட கருவி இன்று உள்ளங்கைக்கு வந்திருக்கிறது.

எந்தப் பிள்ளைகளுக்கு உதவும்?

குறைபார்வை உள்ளவர்களுக்கு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, சரியான கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18ஐத் (மற்றவர்கள் 18 மீட்டரிலிருந்து காண்பதை 6 மீட்டருக்கு வந்தால்தான் காண்பது) தாண்டாமல் 3/60 வரை இருந்தால், அல்லது பார்வைப் புலம் (கண்ணை அசைக்காமல் தெரியும் பரப்பு) 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருந்தால் அது குறைபார்வை. “கண்ணாடி அணிந்த பிறகும்” என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். முறையான கண் பரிசோதனையே செய்யாத பிள்ளைக்குக் கருவி வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு சாதாரணக் கண்ணாடியிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்த கதைகள் உண்டு.

ஒரே கருவி எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவாது. விழித்திரையின் மையப்பகுதி பழுதான பிள்ளைக்குப் பெருக்கம் நன்றாகக் கைகொடுக்கும். ஓரப்பார்வை போய், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் பார்க்கும் பிள்ளைக்கு அதிகப் பெருக்கம் எதிரி. இருக்கும் சிறு வட்டத்துக்குள் ஒரு இதழின் நுனி மட்டும் வந்து நிற்கும். அவர்களுக்குப் பெருக்கத்தைக் குறைத்து, ஒளியையும், பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டையும் கூட்ட வேண்டும். தோலிலும் முடியிலும் நிறமி இல்லாத அல்பினிசப் பிள்ளைகளுக்கு வெளிச்சமே கூசும். அவர்களை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, கறுப்புப் பின்னணியை வைத்துக் கொடுங்கள்.

பிறவிக் கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட பிள்ளைகள் தனி வகை. அவர்களது கண் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தானாக மாற்றிக் குவிக்காது. திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கும்போது கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடியைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். திரையில் படம் எவ்வளவு பெரிதானாலும் மங்கலாகவே தெரிகிறது என்று அவர்கள் சொன்னால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் கண்ணாடியை விசாரியுங்கள்.

எத்தனை மடங்கு பெருக்கும் கருவி வாங்க வேண்டும்?

கடைக்காரர் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்; வகுப்பறையில் கடைசியாகக் கவனிக்க வேண்டியதும் இதுதான். ஐந்து அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 11 செ.மீ. நான்கு மடங்கில் மேசையில் 2.75 செ.மீ. அகலம் தெரியும். பத்து மடங்கில் 1.1 செ.மீ. இருபது மடங்கில் ஐந்தரை மில்லிமீட்டர்தான். ஐந்தரை மில்லிமீட்டர் சாளரம் வழியாக ஒரு செம்பருத்திப் பூவைத் தேடிப் பார்த்தால் தெரியும் கஷ்டம்.

அதனால் பிள்ளைக்கு முதலில் கற்றுத்தர வேண்டிய பழக்கம் ஒன்றே: மிகக் குறைந்த பெருக்கத்தில் தொடங்கி, பொருளை நடுவில் கொண்டுவந்து, பிறகு பொத்தானை ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். பொருள் தொலைந்துபோனால் கருவியை இங்கும் அங்கும் ஆட்டக் கூடாது. பெருக்கத்தை இறக்கித் தேட வேண்டும். இது கைக்குப் பழக ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தில் மதிப்பெண் போகும் எந்தச் சோதனையையும் வைக்காதீர்கள்.

ஒரு கையில் கருவி போய்விட்டால் சோதனையை எந்தக் கையால் செய்வது?

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. படிப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி ஒரு கையை எடுத்துக்கொள்ளும். செய்முறைக்கோ இரண்டு கையும் வேண்டும்.

மடக்குக் கால் உள்ள கருவியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டாண்டும் கிளாம்பும் போதும். கிளாம்பின் தாடைகளில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, கருவியை மென்மையாகப் பற்றவைத்து, மேசையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்துங்கள். வாங்கும்போதே ஒரு சாண் தூரத்திலும் தெளிவாகக் குவிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். சில மாதிரிகள் தாளின் மேல் படியவைத்தால் மட்டுமே குவியும். அவை செய்முறைக்கு ஆகாது.

இன்னொரு இடைஞ்சலையும் எதிர்பாருங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்தும்போது ஆழம் தெரியாது. சொட்டுப்பானின் நுனி குழாயின் வாய்க்கு மேலே இருக்கிறதா முன்னால் இருக்கிறதா என்று தட்டையான படம் சொல்லாது. கைக்கும் படத்துக்கும் இடையே மிகச் சிறு தாமதமும் இருக்கும். ஆகவே செய்வதைத் தொடுகையால் செய்யவும், பார்ப்பதைத் திரையில் பார்க்கவும் பழக்குங்கள். இடக்கை விரல் குழாயின் விளிம்பைத் தொட்டிருக்க, வலக்கையின் சொட்டுப்பான் அந்த விரலை ஒட்டி இறங்கட்டும். அமிலமென்றால் கையுறை வேண்டும். முதல் பத்து முறை வெறும் தண்ணீர்.

முதல் நாள் எதைக் காட்டலாம்?

பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்றைய செய்தித்தாளைக் காட்டுங்கள். வண்ணப் படத்தில் ஒரு முகத்தின் கன்னத்தின் மேல் கருவியை வைத்துப் பெருக்கத்தை ஏற்றினால், தோலின் நிறம் என்று நினைத்தது நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும். எனக்குத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததில்லை. பிறகு கறுப்புத் தாளில் ஒரு சிட்டிகை மேசை உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும். உப்பு கனசதுரம் கனசதுரமாக இருக்கும். சர்க்கரை அப்படி இருக்காது. “உப்பு ஏன் பெட்டி பெட்டியாக இருக்கிறது?” என்ற கேள்வி தானாக வரும், வேதியியல் ஆசிரியர் அங்கிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவதாகச் செம்பருத்தி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளை. பூவின் பாகங்களைப் படம் வரைந்து, மனப்பாடமாக ஒப்பித்து, முழு மதிப்பெண் வாங்கியவள். பூவைக் கையில் கொடுத்தேன். இதழ்களை விலக்கி, நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழலை விரலால் தடவினாள். பிறகு கருவியின் கீழ் வைத்தாள். மகரந்தத் தாள்கள் அந்தக் குழலின் பக்கவாட்டில் முளைத்திருந்தன. நுனியில் ஐந்து சிவப்புக் குமிழ்கள். அவற்றை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். “டீச்சர், மகரந்தத் தாள் தனித்தனியாக நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றாள். அவள் நோட்டில் இருந்த படத்தில் அவை தனித்தனியாகத்தான் நின்றன. குழலைக் கறுப்புத் தாளில் தட்டினால் விழும் மகரந்தத் தூளையும் பார்க்கலாம். செம்பருத்தியின் மகரந்தம் பெரியது. பத்துப் பதினைந்து மடங்கிலேயே தனித்தனி மணியாகத் தெரியும். அடியில் பூ தடித்திருக்கும் இடத்தை விரலால் கண்டுபிடித்துக் குறுக்கே வெட்டினால் சூற்பையின் ஐந்து அறைகள். பிளேடு பிடிப்பதைத் திரையைப் பார்த்துச் செய்யச் சொல்லாதீர்கள். வெட்டுவது விரலின் வேலை. வெட்டிய பிறகு திரை.

ஊறவைத்த மொச்சையும் நல்லது. விதைத்தழும்பு வெறும் கண்ணுக்கே தெரியக்கூடியது. அதன் ஓரத்தில் இருக்கும் நுண்துளையைக் காண, விதையைத் துடைத்துவிட்டு அழுத்த வேண்டும். துளையிலிருந்து ஒரு சின்ன நீர்மணி எழும். அந்த மணியைத் திரையில் பிடித்து நிறுத்திவைத்தால் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்து பார்க்கும்.

அளவு ஜாடி, வெர்னியர், வெப்பமானி இவற்றை எப்படி வாசிப்பது?

அளவு ஜாடியில் பிறை வடிவ மட்டத்தைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையேல் இடமாறு தோற்றப்பிழை வரும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். வீடியோ உருப்பெருக்கியில் கண் எங்கே இருந்தாலும் பிழை வராது. கேமரா எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. பல கருவிகளில் கேமரா நடுவில் இருப்பதில்லை, ஒரு மூலையில் இருக்கும். அதற்கு நேரே பக்கவாட்டில் புடைத்த ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுங்கள். பிள்ளை அந்த ஸ்டிக்கரை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் போதும்.

கண்ணாடியையும் தண்ணீரையும் கண்டால் தானியங்கிக் குவிப்பு தடுமாறும். எதைக் குவிப்பது என்று தெரியாமல் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருக்கும். மேல் பாதி வெள்ளையும் கீழ்ப் பாதி கறுப்பும் உள்ள அட்டை ஒன்றை ஜாடியின் பின்னால் பிடித்து, கறுப்பின் விளிம்பை மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பிறை கறுப்பாகத் துலங்கும். கேமராவுக்கும் பிடிமானம் கிடைக்கும். பியூரெட் வாசிக்கும் வேதியியல்காரர்கள் நெடுங்காலமாகச் செய்யும் வித்தைதான் இது. கருவியின் விளக்கை அணைத்துவிடுங்கள். எரிந்தால் ஜாடியில் வெள்ளைப் பொட்டாகப் பிரதிபலித்து அளவுக் கோட்டையே மறைக்கும்.

வெர்னியர் அளவியில் நடந்தது வேடிக்கை. பொருளைப் பிடித்து, திருகை இறுக்கி, அளவியை மேசையில் படுக்கவைத்து, படத்தை நிறுத்திவைத்தான் ஒரு பையன். குழுவில் மற்ற மூவரும் பொருந்தும் கோடு ஏழாவதா எட்டாவதா என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். இவன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினான். ஏழு. அதன்பின் அந்தக் குழுவில் வெர்னியர் வாசிப்பது அவன் வேலை ஆயிற்று. 0.01 செ.மீ. மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) கொண்ட கருவியை வாசிப்பதில் நல்ல பார்வை ஒரு பெரிய சலுகை இல்லை. அசையாத, பெரிய படம்தான் சலுகை.

வெப்பமானியை ஸ்டாண்டில் பொருத்தி, திரவத்துக்குள் இருக்கும்போதே வாசிக்கவும். பாதரசத்தின் வெள்ளிக்கோடு திரையில் வழுக்கும். சிவப்புச் சாயம் சேர்த்த ஆல்கஹால் வெப்பமானியே எளிது, பாதுகாப்பும் கூட.

நிறம் மாறும் சோதனைகளில் இதை நம்பலாமா?

நம்பலாம், இயல்பு நிறத்தில் இருக்கும்வரை. ஒரு பையன் படிப்பதற்கு வசதியாகக் கறுப்பில் மஞ்சள் வைத்திருந்தான்; அப்படியே லிட்மஸ் சோதனைக்கு வந்துவிட்டான். சிவப்பு லிட்மஸை நனைத்தான், மஞ்சள். நீல லிட்மஸை நனைத்தான், அதுவும் மஞ்சள். நேர்மையான பிள்ளை, நோட்டில் “இரண்டும் மஞ்சளாக மாறின” என்றே எழுதினான். ஆசிரியர் தவறு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டார். அவன் பார்த்தது உண்மைதான். கருவியின் பொத்தானைப் பற்றி யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் அடக்கம்.

இயல்பு நிறத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. திரை முழுவதும் ஒரே நிறமாக நிறைந்தால் கேமரா தானாகவே வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பை) மாற்றி அந்த நிறத்தை வெளிறச் செய்துவிடும். எனவே வெள்ளைத் தாளின் மேல் வைத்து, தாளின் ஒரு பகுதி எப்போதும் படத்தில் தெரியும்படி பாருங்கள். மாறாத லிட்மஸ் துண்டு ஒன்றையும் பக்கத்தில் ஒப்பிட வையுங்கள்.

நிறமே பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் உண்டு. எந்தக் கேமராவும் அவர்களுக்கு நிறத்தைத் தராது. அங்கே மூக்கைக் கூப்பிடுங்கள். வெங்காயச் சாறு ஊறிய துணியில் காரம் பட்டால் வெங்காய வாசனை மறையும்; நீர்த்த அமிலம் பட்டால் மறையாது. வெனிலாவும் கிராம்பு எண்ணெயும்கூட இப்படிப் பயன்படும். மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கும் சோதனை. எல்லாப் பிள்ளைகளும் முகரட்டும்.

உயிருள்ளவற்றைப் பார்க்கலாமா? அவை ஓடிவிடுமே?

எறும்பைத் துரத்த வேண்டாம். பத்து மடங்குப் பெருக்கத்தில் எறும்பு ரயில் வேகத்தில் போகும். கொசுப்புழு நல்ல தேர்வு: எங்கும் கிடைக்கும், ஓரிடத்தில் தொங்கும். கண்ணாடிப் பாட்டிலில் மூடியுடன் எடுத்து, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நீர்ப்பரப்பிலிருந்து தலைகீழாகச் சாய்ந்து, பின்புறச் சுவாசக் குழாயால் தொங்கினால் அது கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். குழாய் இல்லாமல் பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் மலேரியா பரப்பும் அனோபிலிஸ். கருவியின் நிழல் விழுந்தால் எல்லாம் சடாரென்று கீழே போய்விடும். அசையாமல் ஒரு நிமிடம் காத்திருந்தால் ஒவ்வொன்றாக மேலே வரும். வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். பாடம் முடிந்ததும் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

ரொட்டிப் பூஞ்சையைக் காட்டுவதென்றால் மூடிய பாலித்தீன் பையை விட்டு அதை வெளியே எடுக்கவே கூடாது.

இது நுண்ணோக்கிக்கு மாற்றாகுமா?

ஆகாது. வெங்காயத் தோலின் செல் ஓரளவு பெரியதுதான். நீளவாக்கில் கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இருபது மடங்கில் ஐந்து மில்லிமீட்டர் ஆகிறது. கணக்குப்படி தெரிந்துவிட வேண்டும். ஆனால் இந்தக் கருவியின் ஒளி மேலிருந்து விழுகிறது. ஒளி ஊடுருவும் மெல்லிய தோலுக்கு ஒளி கீழிருந்து வர வேண்டும். சாயமேற்றிய தோலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அடியில் டிரேசிங் தாளும் டார்ச்சும் வைத்தால், நல்ல கருவியில் செங்கல் சுவர்போலக் கோடுகள் மங்கலாகத் தெரியக்கூடும். உட்கருவைக் காண நுண்ணோக்கிதான் வேண்டும்.

நுண்ணோக்கியின் கண்ணருகு லென்ஸில் கேமரா பொருத்திக் கணினித் திரையிலோ வகுப்பின் தொலைக்காட்சியிலோ காட்டுவதே அப்போது சரியான வழி. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியும் ஏறத்தாழ 140 மடங்கு பெருக்கும். காந்தம் வைத்துச் செல்போன் கேமராவில் ஒட்டிக்கொள்ளலாம். பெட்டியில் “1000 மடங்கு” என்று அச்சடித்து மலிவாக விற்கும் யு.எஸ்.பி. நுண்ணோக்கிகளின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பெரிய திரையில் போட்டு அளந்து எழுதிய எண் அது.

படத்தை அளந்து எழுத வேண்டுமானால் என்ன செய்வது?

பொருளுக்கு அடியில் மில்லிமீட்டர் வரைபடத்தாள் வையுங்கள். பெருக்கம் எத்தனை மடங்கானாலும் கட்டங்கள் கூடவே பெரிதாகும்.

அமிலமும் தீயும் இருக்கும் இடத்தில் பாதுகாப்பா?

பூதக்கண்ணாடியைவிடப் பாதுகாப்பு, மேலே சொன்ன காரணத்தால். ஆனாலும் கருவியைக் குவளைக்கு நேர் மேலே நிறுத்தாதீர்கள். ஆவி பட்டால் கேமராவின் கண்ணாடி மங்கும், தெறித்தால் கருவி போகும். பக்கவாட்டில், தள்ளி நிறுத்துங்கள். எரியும் விளக்கை நேராகப் பார்த்தால் சுடர் மட்டும் வெள்ளையாகித் திரையின் மற்ற பகுதி இருண்டுவிடும். அதனால் எரியும்போது பாதுகாப்புக் கண்ணாடியுடன் தள்ளி நிற்கட்டும். அணைத்த பிறகு சாம்பலையோ எஞ்சியதையோ கருவியின் கீழ் வைத்துப் பார்க்கட்டும். பார்வை குறைந்த பிள்ளைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தேவையில்லை என்று நினைக்கும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்ற வேண்டிய தேவை அந்தப் பிள்ளைக்குத்தானே அதிகம்.

இப்படிப் பார்த்தால் கண் இன்னும் கெட்டுவிடாதா?

கெடாது. இருக்கும் பார்வையைப் பயன்படுத்துவதால் அது தீர்ந்துபோவதில்லை. களைப்பு வரும், தலை வலிக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து கண்ணை எடுக்கச் சொல்லுங்கள்.

செல்போனில் இதெல்லாம் முடியாதா?

பெரும்பாலும் முடியும். ஐபோனில் 2016 முதல் உருப்பெருக்கி வசதி உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் இலவசச் செயலிகள் உண்டு. வீட்டில் பழகிப் பார்க்கச் செல்போனே போதும் என்று பெற்றோரிடம் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் பிள்ளைக்குப் பெருக்கம் உதவுகிறதா என்று அறியச் செலவில்லாத வழி அது.

பள்ளி என்று வரும்போது கதை மாறுகிறது. செல்போனுக்குத் தடை உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையிடம் மட்டும் செல்போன் இருந்தால் அதைச் சுற்றி ஒரு கூட்டம், ஒரு புகார், ஒரு விசாரணை. உருப்பெருக்கியில் சிம் இல்லை, இணையம் இல்லை, அழைப்பு வராது. கையுறை போட்ட விரலுக்கும் அகப்படும் புடைத்த பொத்தான்கள் பல மாதிரிகளில் இருக்கின்றன. ஈரக்கையால் தொடுதிரையைத் தடவிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

மற்ற பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்களே?

முதல் வாரம் பிடுங்குவார்கள். கேலியைவிட இது எவ்வளவோ மேல். கருவி யாருடையதோ அவர் கையால்தான் பெருக்கமும் நிறமும் மாற்றப்பட வேண்டும் என்று ஒரே ஒரு விதி போடுங்கள். மற்றவர்கள் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையிடம் கேட்கட்டும். அந்த விதியை ஆசிரியர்களும் மீறக் கூடாது. அவசரத்தில் நாமே வாங்கி, சரிசெய்து, “இப்போது பார்” என்று நீட்டிவிடுகிறோம். நான் எத்தனையோ முறை நீட்டியிருக்கிறேன்.

குழுவில் வேலைகளையும் சுழற்றுங்கள். எழுதும் வேலை வாரம் ஒருவருக்கு.

எங்கே கிடைக்கும்? விலை என்ன?

விலை சில ஆயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தைத் தாண்டியும் போகும். வாங்கும் முன் குறைபார்வைச் சிகிச்சைப் பிரிவு உள்ள கண் மருத்துவமனையில் பிள்ளையைப் பல கருவிகளோடு சோதித்துப் பார்க்கவும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது. போகும்போது பிள்ளையின் அறிவியல் புத்தகத்தையும் ஒரு வெர்னியர் அளவியையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவமனையில் எழுத்து அட்டையைத்தான் காட்டுவார்கள். உங்கள் தேவை வேறு.

சொந்தப் பணத்தில் வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள். 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவு, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற மாணவர்களுக்குப் பதினெட்டு வயது வரை பொருத்தமான உதவி உபகரணங்களை இலவசமாக வழங்கச் சொல்கிறது. பள்ளி வழியாக வட்டார வள மையத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் எழுத்தில் மனுக் கொடுங்கள். மனுவில் “பூதக்கண்ணாடி” என்று எழுதினால் பூதக்கண்ணாடிதான் வரும். “கையடக்க மின்னணு வீடியோ உருப்பெருக்கி” என்று எழுதி, கண் மருத்துவரின் பரிந்துரையை இணையுங்கள்.

செய்முறைத் தேர்வுக்குக் கொண்டுபோகலாமா?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியலில் 100க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. பார்வை குறைந்த பிள்ளைக்கு விலக்குக் கேட்டு விண்ணப்பித்துவிடுவது பள்ளிக்கு எளிது. விலக்கு வேண்டுமா என்று முதலில் பிள்ளையைக் கேளுங்கள். வருடம் முழுவதும் கருவியோடு சோதனை செய்த பிள்ளை பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்லும். அப்படியானால் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தேர்வு நாளன்று காலையில் புறத்தேர்வாளரிடம் விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது. படங்களைச் சேமிக்கும் வசதி இருந்தால் நினைவகத்தைக் காலிசெய்து காட்டுங்கள்.

பராமரிப்பு?

முந்தைய இரவே சார்ஜ். துடைக்க மூக்குக்கண்ணாடித் துணி. சாக்பீஸ் துடைக்கும் துணி வேண்டாம்.

எந்தச் சோதனைக்கு இதை எடுக்கவே வேண்டாம்?

ஊசல். ஆடும் குண்டைப் பெரிதாக்கிப் பார்ப்பதைப்போல் வீண் வேலை கிடையாது. நூலைப் பிடித்திருக்கும் கிளாம்பில் விரல் வைத்தாலே ஊசல் திரும்பும் இடம் தெரியும். குண்டு வந்து மெல்லத் தொடும் தூரத்தில் ஒரு காகித நாக்கை நிறுத்தினால் காதுக்கும் கேட்கும், ஆனால் அது வீச்சைக் கொஞ்சம் குறைத்துவிடும். இருபது அலைவுகளை எண்ணியபின் நிறுத்துகடிகாரத்தைப் பார்க்க மட்டும் கருவியை எடுக்கட்டும்.